குவியத்தில் சுட்ட விரல்

இல்லைங்கப்பா, ஒரு கொப்புளத்துக்காக வேலையை விட்டுத் திண்டிவனத்துக்குத் திரும்ப மாட்டேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

இங்கே ராஜஸ்தானில், விடுதிச் சமையலுக்கு வெயிலைக் குவிக்கும் பரவளையக் கண்ணாடி வைத்தும் உலை கொதிக்கவில்லை. கண்ணாடியை மாற்றச் சொன்னார் ஃபிட்டர் ஞானராஜ் அண்ணன், நம் கூட்டேரிப்பட்டுக்காரர். பானைதான் இடம் தவறி இருக்கிறது என்றேன்.

“கணக்குப் போட்டுக்கினு இருந்தா உலை கொதிக்குமாம்மா?”

கண்ணாடிக்கு எதிரே ஒரு காகிதத்தைப் பிடித்து மெல்ல நகர்த்தினேன். பானைக்கு ஒரு சாண் முன்னால் புகைந்தது. கதிர்களெல்லாம் கூடும் குவியம் அதுதான். அவர் பார்க்கும்வரை காகிதத்தை விடவில்லை.

பானையை அங்கே மாற்றினோம். கொதித்தது.

“அதுக்குன்னு வெரலச் சுட்டுக்குவியா?” என்றார்.

மல்லாட்டைக் கடலையை வறுக்காமல் அனுப்புங்கள், கண்ணாடியிலேயே வறுத்துக்கொள்வேன். முகவரியை உங்கள் கையாலேயே எழுதுங்கள், அந்த எழுத்தைப் பார்க்க ஆசை.

விரலில் துணி சுற்றிக்கொண்டு கண்ணாடி துடைக்கப் போகிறேன்.

கலைப்பிரியா