காஷ்மீர்ப் பழம்

அன்புள்ள சாமி,

மகள் இத்தாலிக்குப் போய்வந்து ஒரு சின்ன மரப்பெட்டி கொடுத்தாள். உள்ளே செங்கல் நிறத்தில், கெட்டி அல்வா மாதிரி. பெயர் 'கொத்தோஞாத்தா', ஏதோ மஞ்சள் பழத்தைச் சர்க்கரையில் கிளறியதாம். திறந்ததும் ரோஜாவும் தேனும் கலந்தாற்போல ஒரு வாசம். உடனே உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி. என்னைக் கேட்காமல் காந்தி மார்க்கெட்டில் ஒரு காய்கூடப் பழுக்காது என்று பேசித் திரிந்த காலம். நீங்கள் எங்கள் பங்குச் சாமியார். இத்தாலிக்காரர், ஆனால் தமிழ் எங்களைவிடச் சுத்தம். என் பழக்கடைக்கு வந்து, "சீமை மாதுளை கிடைக்குமா?" என்றீர்கள். அகராதியில் அப்படித்தான் போட்டிருந்ததாம்.

"சீமையிலேர்ந்து கப்பல்ல வர்றதாச்சே சாமி! நாளைக்கே தரேன்."

இருப்பதிலேயே பெரிய மாதுளையாகப் பன்னிரண்டு பொறுக்கி வந்தேன். பார்த்ததும் சிரித்தீர்கள். பிறகு மெல்லச் சொன்னீர்கள்: ஊரில் உங்கள் அம்மா இறந்துவிட்டார், கடிதம் வருவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. நீங்கள் கேட்டது வேறு பழம். மஞ்சளாக இருக்கும், பச்சையாகக் கடித்தால் பல் பதியாது, சர்க்கரையில் கிளறினால் சிவக்கும். அம்மா வருடந்தோறும் கிளறுவாராம். "முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஒரு துண்டு வாயில் போட வேண்டும். அவ்வளவுதான்."

"அது காஷ்மீர்ல விளையுது சாமி. அங்க நமக்கு ஆள் இருக்கு" என்றது என் வாய். ஆள் ஏது?

முப்பதாம் நாள் நெருங்கியது. ஸ்ரீரங்கத்துக் கொய்யாவை என் மனைவி கிளறினாள்.

"ஏங்க, மோந்தாலே கொய்யான்னு தெரியாதா? அவரு என்ன நேத்தா திருச்சிக்கு வந்தாரு?"

"ரெண்டு ஏலக்காயைத் தட்டிப் போடு. காஷ்மீர் ஆயிடும்."

"பழம் வழியிலயே கனிஞ்சிருச்சு சாமி, அதான் வீட்லயே கிளறிட்டோம்" என்று நீட்டினேன். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினீர்கள். நீர் வழிந்தது. "என் அம்மா கிளறியதேதான்" என்றீர்கள்.

பழம் விமானத்தில் வந்ததாக அன்றிலிருந்து ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். சாமியாரையே நம்பவைத்தவன் என்று உள்ளுக்குள் ஒரு கர்வம் வேறு. மகள் தந்த பெட்டியைத் திறந்து இன்றுதான் நிஜத்தை மோந்தேன். கொய்யாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் மூச்சிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மாவுக்கென்று வைத்திருந்த அந்த ஒரு வாயை, என் முகம் வாடக் கூடாதென்று கொய்யாவுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

நாளைக் காலை உங்கள் கல்லறைக்கு வருகிறேன். பெட்டி உங்களுக்குத்தான். பக்கத்தில் ஒரு கொய்யாவும் வைப்பேன், சாமி. கொய்யா என்றே சொல்லி.