எழுபது சதவீதம் என்று சொல்லித் தொலைத்தேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உன் தங்கை வாலுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு, நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கத்தான் செய்கிறேன், கணிக்கவில்லை. கணிக்கிற வம்பே வேண்டாம் என்று ஆகிவிட்டது, ஏன் என்று சொல்கிறேன். போனில் சொன்னால் உன் அப்பா நடுவில் புகுந்து கதையைக் கெடுத்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வாலு அந்தப் பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது உனக்குத் தெரியும். நூறு பேர் போட்டால் ஏழு பேருக்குத்தான் இடம். பாறையைப் பற்றிப் படிக்க இந்தப் பக்கத்தில் அதை விட்டால் வேறு கல்லூரி கிடையாது, நம் பெண்ணுக்கோ பாறையை விட்டால் வேறு படிப்பு கிடையாது. நீ வானிலை ஆபீசுல உக்காந்து வானத்தைப் பாத்து ஏமாந்தது போதும்மா, நான் தரையைப் பாக்கறேன், பாறை சொன்னா சொன்னதுதான் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவள் அவள். அறை முழுக்கக் கல்லாக அடுக்கி வைத்திருக்கிறாள், பெருக்கப் போனால் என் கால் கட்டைவிரல் தப்பாது. கிடைக்கவில்லை என்றால் என்னடி செய்வாய் என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அப்பா கடையில இஸ்திரி போடுவேன் என்றாள், விளையாட்டாகத்தான் சொன்னாள், ஆனால் அன்றைக்குச் சாப்பிட்ட தட்டைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மார்க்கெல்லாம் நல்ல மார்க்குத்தான், ஆனால் பேட்டியில்தான் குழப்பம். நீ ஒரு நாற்காலியாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். இது என்ன கேள்வியோ, பெரிய கல்லூரி என்றால் இப்படித்தான் கேட்பார்களாம். யாராவது வந்து உக்காரும் வரைக்கும் காத்திருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதைக் கேட்டதும் கல்லூரி முதல்வர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று நம் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. உன் அப்பா சலவைக்கடைக்காரர் புத்தியோடு, கண்ணாடியைத் தொடைச்சுப் பாக்கறாங்கன்னா கறையைத் தேடறாங்கன்னு அர்த்தம் என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். உன் சித்தப்பா போனில் கூப்பிட்டு, எந்தக் கையால் துடைத்தார் என்று கேட்டார். வாலு தலையணையில் முகத்தை வைத்துக் கத்தினாள்.

இந்த லட்சணத்தில்தான் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் வாய்ப்பு சொல்கிறவள், சொந்தப் பெண்ணுக்குச் சொல்ல மாட்டேனா என்று ஒரு எண்ணம். என் கணிப்புக்கு நம் தெருவில் என்ன பேர் என்று உனக்குத் தெரியாததா. மாவட்டம் பூரா பலிக்கிறது, அலுவலகத்தில் பாராட்டிக் கேடயம்கூடக் கொடுத்திருக்கிறார்கள், நம் தெருவுக்கு மட்டும் தலைகீழாகப் போகிறது. நான் மழை என்றால் உன் அப்பா கடைத்துணி அத்தனையையும் அள்ளிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறார், நான் வெயில் என்றால் கொடியை அவிழ்க்கிறார். உன் அம்மா வாய் பொய்க்கறதாலதான் நம்ம அடுப்பு எரியுது என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

ஆனாலும் நான் முறைப்படியே செய்தேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழி உண்டு, இன்றைக்கு இருக்கிற மாதிரியே பழைய நாள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அன்றைக்கு என்ன ஆனதோ அதுதான் இன்றைக்கும் ஆகும் என்று பார்ப்பது. அதே மாதிரி வாலுவைப் போன்ற பெண்களைத் தேடினேன். மருந்துக்கடைக்காரர் மகளுக்குப் போன வருஷம் அங்கே இடம் கிடைத்தது, அதே மார்க், அதே உயரம், அவளுக்கும் தூசி பட்டால் தும்மல். கடைக்குப் போய், பேட்டி அன்றைக்கு உங்கள் பெண் என்ன சாப்பிட்டாள், எந்தக் காலை முதலில் வைத்து வாசல் தாண்டினாள் என்று விவரமாகக் கேட்டேன். அவர் தலைவலி மாத்திரை ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். தையல்காரம்மா மகளுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் அவள் தும்முகிறவள் இல்லை, அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் அலுவலகத்து வரைபடக்காரர் இருக்கிறாரே, அவரே உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தார், கல்லூரிக்கு மேலே காற்றழுத்தம் சாதகமாக இருக்கிறது என்று வேறு சொன்னார், நல்ல மனுஷன். எல்லாம் கூட்டிக் கழித்து எழுபது சதவீதம் என்று வந்தது.

அதைச் சாப்பாட்டு மேசையில் சந்தோஷமாகச் சொல்லித் தொலைத்தேன். இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது போ. அப்பா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. வாலு என்னைப் பார்த்து, பெத்த தாயே இப்படிப் பண்ணலாமா, உன் வாயால கிடைக்கும்னு சொல்லிட்டியே என்று ஓவென்று அழுதாள். கீழ்வீட்டுப் பல் டாக்டர் சத்தம் கேட்டு மேலே வந்தார், விஷயம் தெரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக உட்கார்ந்து, மனசைத் தேத்திக்குங்க, வேற கல்லூரியே இல்லையா என்று துக்கம் விசாரித்தார். உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எழுபது வேண்டாம், முப்பதுன்னு மாத்திச் சொல்லு, பெத்த பொண்ணுக்காக இதுகூடச் செய்யமாட்டியா என்று பேரம் பேசினார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் துணியில் கறை போகவில்லை என்றால் போச்சு என்று சொல்வீர்களா என்று திருப்பிக் கேட்டேன். மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை, உப்பு வேண்டும் என்றால்கூடச் சுவரைப் பார்த்துக் கேட்டார்கள்.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். அப்பா கடைக்குப் போனபோது வாலு உண்மையாகவே இஸ்திரி போடப் பழகிக்கொண்டிருந்தாள், யாருடைய சட்டையோ, காலரை நீவி நீவிப் போடுகிறாள், எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, வானொலியில் படிக்கிற குரலில், மேற்படி மாணவிக்கு மேற்படி கல்லூரியில் இடம் கிடைக்க வாய்ப்பு அறவே இல்லை என்று அறிவித்தேன். ஐயோ அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க நீ இல்லையே. வாலு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தமாகக் கொடுத்தாள், அப்பா ஓடிப்போய் இனிப்பு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார், பல் டாக்டர் இனிப்புக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. இடம் உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, காத்திருப்புப் பட்டியலாம். வீடே என் பக்கம் திரும்பியது. அப்பா வக்கீல் மாதிரி முன்னால் வந்து நின்று, நிஜத்தைச் சொல்லு, வாயால இல்லைன்னு சொல்லிட்டு மனசுக்குள்ள எழுபதுதானே வெச்சிருந்தே என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதான் ரெண்டும் மோதிக்கிட்டு நடுவுல தொங்குது, இப்பவாவது மனசார நினை, கிடைக்காதுன்னு நினை என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்த்தேன்டா, சத்தியமாக நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அவளை எங்கே நிறுத்தினாலும் அவள் ஜெயிக்கிற மாதிரிதான் எனக்குத் தெரிகிறது, என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள், எழுபதுகூட உங்களுக்குப் பயந்து குறைத்துச் சொன்னதுதான், உண்மையில் எனக்கு வந்தது நூறு என்று கொட்டிவிட்டேன்.

வாலு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிஜமாவே நூறாம்மா என்று கேட்டாள். ஆமாம்டி என்றேன். அப்ப நூறுன்னே இருக்கட்டும், மாத்தாதே, பொய்ச்சா பொய்ச்சுட்டுப் போகட்டும் என்றாள். காத்திருக்கிறவர்களை மறுபடியும் கூப்பிட்டுப் பேசினார்கள், அப்பா துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தனியாகவே போனாள், பையில் ஒரு கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். முதல்வர் அம்மா பழையபடி நாற்காலி என்று ஆரம்பித்தாராம், இவள் அந்தக் கல்லை மேசைமேல் வைத்து, நாற்காலியைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, இதைப் பத்திக் கேளுங்க என்றாளாம். முதல்வர் அம்மா மறுபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அரை மணி நேரம் கல்லையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இடம் கிடைத்துவிட்டது! உன் அப்பா சொன்ன கறை கடைசிவரை அகப்படவில்லை.

நம் தெருவில் என் வாய் பலித்தது இதுதான் முதல் தடவை. சேதி வந்த அன்றைக்கு அலுவலகத்தில் நான் மழை என்று போட்டிருந்தேன். அப்பா சந்தோஷத்தில் எல்லாத் துணியையும் மாடியில் விரித்துவிட்டு வந்தார், மத்தியானம் கொட்டியது பார், பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டு எல்லாம் பல்லவன் காலத்துத் துணி மாதிரி நிறம் மாறிப் போயிற்று. இப்போது மனுஷன் காலையில் எழுந்து என் முகத்தை ஒரு தடவை, வானத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டு கொடியைப் பிடித்தபடி நிற்கிறார். பாவமாகத்தான் இருக்கிறது.

வாலு அடுத்த மாதம் விடுதிக்குப் போகிறாள். நீ கிளம்பிய அன்றைக்கு நான் அழ மாட்டேன் என்று சொன்னேனே, அது என் கணிப்புகளிலேயே மோசமானது, இந்தத் தடவை அப்படி எதுவும் அறிவிக்கவில்லை. நீ நேரத்துக்குத் தூங்கு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, யாரிடமும் கோபத்தோடு படுக்கப் போகாதே. எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மெச்ச, நிறைவாக இருக்க வேண்டும், அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார்.

இந்த விடுமுறைக்கு நீ வருவாயா என்று வாலு என்னைக் கணிக்கச் சொல்லி நச்சரிக்கிறாள். வருவாய் என்று சொன்னால் பழைய வழக்கப்படி பொய்த்துவிடுமோ, வரமாட்டாய் என்று சொன்னால் புது வழக்கப்படி பலித்துவிடுமோ என்று பயந்து வாயே திறக்கவில்லை. உன் மெத்தையை மட்டும் மாடியில் வெயிலில் போட்டிருக்கிறேன். வந்தால் குடையோடு வா.

இப்படிக்கு,
எதுவும் சொல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா