வெளியே நிற்கச் சொன்ன டாக்டர்

குன்னத்துகால்
18-8-1996

அன்புள்ள மகன் மோகனனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் தங்கை பிரசீதாவுக்கும் சுகம்தான், சார்ஜா வெயிலில் உனக்கும் ஒரு குறையும் வராமல் செங்கல் கோயில் சிவபார்வதி காக்கட்டும். உன் கடிதம் கிடைத்தது. திரும்பவும் வாசித்துப் பார்த்தேன், கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஸ்ரீகுமாரி டாக்டர் வெளியே நிற்கச் சொன்னதும் பிள்ளையை விட்டுவிட்டு நான் எப்படி எழுந்து போகலாம் என்று கேட்டிருக்கிறாய். பொன்னையன் மாமன் உனக்கு எழுதியது பாதிதான், மீதியை நான் எழுதுகிறேன், கேள்.

பள்ளிக்கூடத்தில் பிரசீதா அடிக்கடி மயங்கி விழுந்தாள். காலையில் வயிற்றுவலி என்பாள், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். நானும் மாமனும்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் கேட்டதெல்லாம் அவளிடம், பதில் சொன்னதெல்லாம் நான். கடைசியில் டாக்டர் சிரித்துக்கொண்டே, நோவு யாருக்காக்கும், அம்மைக்கா பிள்ளைக்கா என்று கேட்டுவிட்டு, பதினஞ்சு வயசாச்சே, இனி அவ சொல்லட்டு, நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க என்றார். எனக்கு முகத்தில் அடித்ததுபோல்தான் இருந்தது. மாமன் வராந்தாவில் நின்றுகொண்டு, பெண்ணுக்க காரியத்தில அம்மைக்குத் தெரியாத ரகசியம் என்ன உண்டு என்று கம்பவுண்டரிடம் சண்டைக்குப் போனார். கதவு திறந்தபோது பிரசீதா அழுத முகத்தோடு வந்தாள், ஆனால் நிமிர்ந்து வந்தாள். டாக்டர் என்னிடம், ரத்தம் குறைவு, மாத்திரை தந்திருக்கேன், மனசில ஒரு பாரமும் உண்டு, உயிருக்கு ஆபத்துள்ள காரியம்னா நானே உங்கள விளிச்சுச் சொல்லுவேன், மத்தபடி அவ சம்மதிக்காம என் வாயில இருந்து வராது என்றார்.

இதற்கு மாமன் கண்டுபிடித்த வைத்தியம், படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பது. நீயும் அதையே எழுதுகிறாய், மிரட்டியாவது விஷயத்தை வாங்கி எழுதுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் வகுப்பு வேண்டாம் என்று. அப்பா இல்லாத வீட்டில் நீதான் தலை என்று மாமன் உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மக்கா, தலையாய் நீயே இரு, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை பள்ளிக்கூடம் போவாள், எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவாள், டாக்டரிடமும் போவாள். மாமனிடமும் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து இந்தப் பக்கம் வரவில்லை, எனக்குச் சாயாப்பொடி மிச்சம்.

இப்போது அவள் மரச்சீனிக் கிழங்கும் மீனும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். மயக்கம் பிறகு வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். நேற்று துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அம்மா ஒரு காரியம் சொல்லட்டா என்றாள், முழுவதும் சொன்னாள். இரண்டுபேரும் அழுதோம். செய்யவேண்டியதை டாக்டரிடம் கேட்டு நான் செய்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள், உனக்கு எல்லா நன்மையும் வரட்டும். அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டு எழுதாதே. நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை என்றுகூட எழுதமாட்டேன். உன்னிடம் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றினால் அவளே எழுதுவாள், தோன்றும்படி நடந்துகொள்.

என்றும் உன் நன்மை வேண்டும் அம்மா,
சரசம்மா