ஊரில் பெண் எடுத்தவர்

அத்தான், நேற்று லண்டனில் மோர்டன் போகும் ரயிலில் உதைபந்தாட்டம் முடித்து வந்த ஓர் இளைஞன் என் பக்கத்தில் வந்து அமர்ந்தான். முழங்கால் வரை சேறு. தொடையில் பூசியிருந்த, ஆட்டத்துக்கு முன் நீங்கள் பூசுகிற அதே தைலத்தின் மணம் பெட்டி முழுக்கப் பரவியது. எதிரே இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார். நானோ ஆசையோடு மூச்சை இழுத்து இழுத்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். நீங்கள் கண்ணை மூடிய பிறகு வந்திருக்கும் முதல் குளிர்காலம் இது.

எண்பதுகளின் நடுவில் நகரசபை வாடகைக்குத் தந்த எங்கள் கவுன்சில் வீட்டு முகடு ஒழுகிச் சுவர் பெயர்ந்தபோது, பூசுவதற்கு வந்த ஸ்கொட்லாந்துக்காரர் நீங்கள். அக்கா தேநீர் கொடுத்தாள். ஏணியில் நின்றபடியே, நான் ஓர் உதைபந்தாட்டக்காரன் என்றீர்கள். நான் விடுவேனா? எந்தக் கழகம் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். ஒன்றைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. "என் அம்மாவே பாதியைக் கேள்விப்பட்டதில்லை" என்று சிரித்தீர்கள். அக்காவும் சிரித்தாள். நான் மெல்லக் கதவைச் சாத்தினேன். உள்ளறையில் அப்பா இருந்தார்.

உங்கள் ஆட்ட வாழ்க்கையை அந்த ஏணிக்குக் கீழே நின்றுதான் தெரிந்துகொண்டேன். பகலில் சாந்து குழைப்பு, மாலையில் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். கடற்காற்று அடிக்கிற சின்னச் சின்ன ஊர்கள். பார்க்க வந்தவர்களில் யார் இருமுகிறார் என்றுகூட மைதானத்தில் நின்றே சொல்லிவிடலாம் என்பீர்கள். ஒவ்வொரு பருவம் முடியும்போதும் மனேஜரின் அறை வாசலில் எல்லோரும் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, வைத்திருக்கிறோம், அல்லது போகலாம் என்று சொல்வார்களாம். "நிலத்தைப் பார்த்தபடி வெளியே வருகிறவனுக்குப் போச்சு. நான் நிலம் பார்த்தே பழகிவிட்டேன்." பகிடியாகத்தான் சொன்னீர்கள். ஸ்கொட்லாந்தில் கழகங்கள் தீர்ந்தபிறகு லண்டனுக்குக் கட்டட வேலைக்கு வந்து, முழங்கால் கைவிடும்வரை இங்கேயும் சின்னக் கழகங்களில் ஆடினீர்கள்.

நீங்களும் அக்காவும் அப்பாவின் விருப்பத்தை மீறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஹரோவுக்குப் போனபின், அப்பா அவள் பெயரையே எடுக்கவில்லை. என்னிடம் அவளைப் பற்றிக் கேட்பதும் இல்லை. அவள் வந்தால் கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவள் ஹரோவிலிருந்து தொலைபேசியில் என்னோடு பேசுவாள். அப்பா சாப்பிட்டாரா என்றுதான் முதலில் கேட்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், இங்கே குடியேறிய எங்கள் ஆட்களின் ஊர்ச் சங்கங்கள் நடத்திய உதைபந்தாட்டப் போட்டியில் எங்கள் ஊர் இறுதிக்கு வந்தது. எதிரே, தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு ஆகாத பக்கத்து ஊர். போட்டியின் விதி ஒன்றுதான்: ஊரில் பிறந்தவரோ ஊரில் பெண் எடுத்தவரோ மட்டும் ஆடலாம். நான் அணியில் இருந்தேன். அப்பா ஒரு கரையில் ஊர்ப் பெரியவர்களோடு நின்றார். மறுகரையில் நீங்களும் அக்காவும். இரண்டாம் பாதியில் எங்கள் பின்வரிசைக்காரன் கால் பிசகி விழுந்தான். எங்கள் தலைவன் உங்களைக் கைகாட்டி அழைத்தான். உங்கள் காரில்தான் எப்போதும் விளையாட்டுச் சப்பாத்து கிடக்குமே.

நீங்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வரவும் பக்கத்து ஊர் மனேஜர் ஓடிவந்தார். "உந்த வெள்ளைக்காரன் எப்பிடி உங்கட ஊர்?"

"எங்கட ஊர் மாப்பிள்ளை" என்றான் தலைவன்.

"அப்பிடியோ? பெண்ணைப் பெத்தவர் உங்கை நிக்கிறார். அவர் தன்ர வாயால சொல்லட்டும்."

அந்த மனிதருக்கு எங்கள் வீட்டு நிலவரம் நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்டார். மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்பாவிடம் போனார். அப்பா இல்லையென்று தலையாட்டினால் போதும், அத்தனை ஊரார் முன்னிலையிலும் அக்கா யாருமற்றவள். பிறகு அவளுக்கு எங்கள் வீட்டுப் படியே இல்லை. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நீங்கள் புல்லில் அமர்ந்து, ஏற்கெனவே கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினீர்கள். நிமிரவேயில்லை.

அப்பா உங்களையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. அந்த மனேஜரைத்தான் பார்த்தார்.

"ஓம். என்ர மகளின்ர புருஷன். விளையாட விடுங்கோ."

அந்த ஓமில் பாதி, பக்கத்து ஊர்க்காரன் மேலிருந்த கோபம் என்று இன்றைக்கும் சொல்வேன். உங்களுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த முழங்காலோடு அப்படி ஆடினீர்கள். தலையால் தட்டினீர்கள், விழுந்து தடுத்தீர்கள், எங்களை எல்லாம் ஏசினீர்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம் கோலை நோக்கி வந்த பந்தை மறிக்கக் காலை நீட்டினீர்கள். அது உங்கள் காலில் பட்டுத் திரும்பி எங்கள் வலைக்குள்ளேயே போய் விழுந்தது.

"மாப்பிள்ளை எங்களுக்கெல்லோ சீதனம் தந்திட்டார்!" என்று பக்கத்து ஊர்க்காரர்கள் துள்ளினார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

நாங்கள் தோற்றோம். எங்கள் ஆட்கள் உங்களைப் பார்க்காமல் கடந்து போனார்கள். நீங்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "உன் அப்பா சொன்னதை மீளப் பெற்றுக்கொள்ளட்டும். நான் குறை நினைக்கமாட்டேன்." அப்போதுதான் அவர் மைதானத்தைக் குறுக்கே கடந்து வருவதைக் கண்டேன். வந்து நின்று உங்கள் முழங்காலைப் பார்த்தார். பிறகு, கண்டு எத்தனையோ காலமான மகளிடம் திரும்பினார்.

"பிள்ளை, கால் வீங்கிப்போச்சு. ஐஸ் வைக்கோணும். அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டை வா. சாப்பிட்டிட்டுப் போகலாம்."

சொல்லிவிட்டுத் தன்பாட்டில் நடந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். அநேகமாகக் கெட்ட செய்திகள். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடும். மறக்காமல் என்னோடேயே வருவது அன்றைக்குக் காரில் உங்களுக்குச் சொன்னது மட்டும்தான். அக்கா பின்னால் இருந்து அழுதுகொண்டிருந்தாள். சமையலறைத் தமிழ் உங்களுக்கு நன்றாக விளங்கும். ஆனாலும் விளங்கியதை நம்பாமல், அப்பா என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டீர்கள். சொன்னேன். கொஞ்சத் தூரம் போனதும், திரும்பச் சொல் என்றீர்கள். சொன்னேன். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது என் முகத்தையே பார்த்தீர்கள். அதுவரை உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்தேன்.

"உங்களைச் சாப்பிட வரச்சொல்லுறார், அத்தான்" என்றேன்.