நீ மாட்டிய பெட்டிகள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் நான் அழுதுவிடுவேன், நீயும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். புது வேலையும் சாப்பாடும் ஒத்துக்கொண்டிருக்கும் என நம்புகிறேன். இங்கே பெரியவளுக்குச் சளி பிடித்து, இப்போது தேவலை.

மாமா லைன்மேன் வேலையில் மின்கம்பத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று மட்டும்தான் உன்னிடம் சொல்லியிருந்தேன். வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், தம்பி. இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறார். பெண்டாட்டி நான் உதவப் போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தையல்காரம்மா வீட்டுக்குப் போகும் வயர் கம்பத்தில் கருகிக் கிடந்தது. மாமா ஃப்யூஸைப் பிடுங்கி, மேலே ஏறி, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டிருக்கிறார். வானம் மூடியிருந்தது. டெஸ்டர் எரியவில்லை. வயரை முறுக்கிக்கொண்டிருந்தபோது மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்திருக்கிறது. அப்படியே தூக்கி எறிந்தது.

கரண்ட் லைனிலிருந்து வரவில்லை. அந்த வீட்டு மொட்டை மாடியில் நீ மாட்டிக்கொடுத்த சோலார் இன்வெர்ட்டரிலிருந்து, வீட்டு வயர் வழியாகக் கம்பத்துக்குத் திரும்பி வந்தது. லைன் போனால் பெட்டி தானாக நின்றுவிடும் என்று எல்லோரிடமும் சொன்னாயே, அது நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா தெரியும், பிளக்கைச் சுவத்துல சொருகினா போதும்னு உங்க தம்பிதானே சொன்னாரு" என்று அழுதாள்.

நினைவு வந்ததும் மாமா முதலில் கேட்டது கையைப் பற்றியல்ல. "வேற எத்தனை வீட்டுல மாட்டியிருக்கான்?" என்றார். தெரியாது என்றேன். பதினொரு வீடு என்று நீ பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், டெஸ்ட் பண்ண மறந்துவிட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "உன் தம்பி உள்ள போனா என் கை முளைச்சிடுமா?" என்றார். இருபது வருடம் அவரோடு கம்பம் ஏறியவர்கள் இப்போது அவரைக் கவனமில்லாத ஆள் என்கிறார்கள். பொய் சொன்னது அவர் மட்டுமல்ல. அதிகாரி வருமுன் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் செய்து, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்தவள் நான்தான்.

மாமாவின் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நேற்று அவர் மனைவி வீட்டுக்கு வந்து, "எந்தத் தெருவுலக்கா கவனமா இருக்கணும்?" என்று கேட்டாள். நான் காபி போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

மழை தொடங்கிவிட்டது. தினம் எங்காவது வயர் அறுகிறது. மிச்சம் பத்து வீட்டுக்காரர்களையும் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. வெயில் இறங்கியதும் பிளக்கைப் பிடுங்கச் சொல், முனையைத் தொடக் கூடாது என்றும் சொல். பத்து முகவரியும் எனக்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வராவிட்டால், திங்களன்று பெட்டியோடு நான் மின்சார ஆபீசுக்குப் போவேன். மாமாவுக்கு இது தெரியாது.

உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் கேட்கிறேன். எந்த ஊரில் இருந்தாலும் நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும், தம்பி. சீக்கிரம் எழுது.

உன் அக்கா