'சும்மா'வுக்கு ஓர் உதாரணம்

மார்ச் 4

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

நலம். நீயும் தையல் கடையும் எப்படி? இங்கே அகராதி ஆபீஸில் 'சும்மா' என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை இல்லாமல், காசு வாங்காமல், பேசாமல், வெறுங்கையோடு, காரணமே இல்லாமல் என்று அர்த்தம் போய்க்கொண்டே இருக்கிறது. 'பேசாமல்' என்பதுதான் முதலில் பிறந்தது, மற்றதெல்லாம் அதன் பிள்ளைகள் என்கிறார் ஆபீஸை நடத்தும் எங்கள் பெரியவர். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அச்சான பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுத் திட்டு.

உன் அத்தான்

மார்ச் 12

அன்பு அத்தானுக்கு,

பக்கம் கிடைச்சுது. 'காரணமே இல்லாமல்'னு போட்டு ஒரு உதாரணம் கொடுத்திருக்கீங்களே, "சும்மாதான் வந்தேன், உங்களைப் பார்த்து நாளாச்சு"ன்னு. இதை யார் சொன்னா?

உதாரணத்தைச் சொந்தமா எழுதக்கூடாது, ஒருத்தர் பேசினதைக் காதால கேட்டுத்தான் எழுதணும்னு உங்க ஆபீஸ் சட்டத்தை நீங்கதானே பெருமையா சொல்லுவீங்க? அப்ப யாரோ சொல்லியிருக்கா. பொம்பளைப் பேச்சுதான், எனக்குத் தெரியாதா. அவ ஆபீஸுக்கு வந்தாளா, ரூமுக்கே வந்தாளா? இதைப் படிச்சதிலிருந்து ஒரு ரவிக்கைகூட தைச்சு முடிக்கல. மழுப்பாம எழுதுங்க.

உங்க வீட்டுக்காரி

மார்ச் 19

குட்டிம்மா,

நல்ல ஆள் நீ. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒருத்தியைக் கிளப்பிவிட்டாய். பஸ்ஸில் யாரோ பேசியது காதில் விழுந்தது, எழுதினேன். அதை விடு. மெஷினுக்கு பெல்ட் மாற்றினாயா?

உன் அத்தான்

மார்ச் 26

அத்தான்,

பஸ்ஸுல ஏறி யார்கிட்ட "சும்மாதான் வந்தேன்"னு சொல்லுவா? வாசல்ல நின்னு சொல்ற பேச்சு அது. பொய் சொல்றப்பதான் நீங்க என் மெஷினைப் பத்தி விசாரிப்பீங்க. உண்மையை எழுதுங்க. இல்லேன்னா எங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்.

வீட்டுக்காரி

ஏப்ரல் 3

குட்டிம்மா,

யாரும் சொல்லவில்லை. நானே எழுதினேன். அந்த அர்த்தத்துக்கு உதாரணம் அகப்படவில்லை, பெரியவர் அவசரப்படுத்தினார். நீ வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வாய் என்று யோசித்தேன், அது வந்தது. ஆபீஸ் அட்டையில் சொன்னவர் யார் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண் என்று பொய்யாகப் போட்டேன். பெரியவருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இதைக் கிழித்துவிடு. இப்போதாவது நிம்மதியா?

உன் அத்தான்

ஏப்ரல் 11

அத்தான்,

நம்புறேன். கிழிச்சும் போட்டாச்சு. அப்படி ஒருத்தியே இல்லைன்னு தெரிஞ்சதும் சந்தோஷத்துல அழுதுட்டேன்.

அப்புறம் உங்க பழைய கடிதத்தையெல்லாம் எடுத்துப் படிச்சேன். அதுதான் தப்பாப் போச்சு. யாருமே சொல்லாத பேச்சை இவ்வளவு உயிரோட எழுதி, பெரியவரை ஏமாத்தி, என்னையும் நம்ப வச்சீங்களே, அப்ப "உன் ஞாபகமாவே இருக்கேன்"னு எனக்கு எழுதுறது மட்டும் நிஜம்னு எப்படி நம்புறது? யாரோ ஒருத்தியைச் சந்தேகப்பட்டப்ப கோபம்தான் இருந்துச்சு. இப்ப பயமா இருக்கு.

இதுக்குப் பதில் எழுதாதீங்க. எழுதினா அதையும் அழகாத்தான் எழுதுவீங்க. கிளம்பி வாங்க. முகத்தைப் பார்த்துக் கேட்கணும்.

உங்க வீட்டுக்காரி