இரண்டாகக் கிழித்த கைடு

சிங்காரப்பேட்டை
2.3.1986

அன்புள்ள முனிலட்சுமிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஓசூர் கம்பெனிக்குப் போனதும் பெரிய ஆளாயிட்டே, மூணு வாரமா ஒரு வரி இல்லை.

சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குக் கடையில் ஒரே கைடுதான் இருந்தது என்று சரிபாதியாகக் கிழித்துக்கொண்டோமே, ஏப்ரல் ஒண்ணாம் தேதி பாதியை மாற்றிக்கொள்ள வேண்டும். உன்னிடம் இருக்கிற கணக்கும் அறிவியலும்தான் எனக்குப் பயம். ஷிப்ட் விட்டு வந்து நாற்பது பக்கம் புரட்டினேன் என்று பெருமை அடிக்காதே. அது படிப்பில்லைடி, கண்ணு மேயறது. பத்துப் பக்கம் படி, மூடு, பார்க்காமல் எழுது. தப்பானதை மறுநாள் திருப்பிப் பார். ஞாயிற்றுக்கிழமை பழசு மட்டும். நான் புளி தட்டிக்கொண்டே ஒப்பிக்கிறேன், அத்தா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்.

உனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. எனக்கு வயசு வரம்பு இந்தப் பரீட்சையோடு சரி.

உன்
தில்ஷாத்

ஓசூர்
6.4.1986

அன்புள்ள அக்கா,

உங்க பாதியும் வந்துடுச்சு, என் பாதி வரலைன்னு நீங்க போட்ட கார்டும் வந்துடுச்சு. என் பாதியை ஒண்ணாந்தேதியே திருவண்ணாமலை பஸ் கண்டக்டர் ராஜப்பன் அண்ணன் கையில கொடுத்தேனே, வரலையா? அய்யோ! அவரையே கேளுங்க.

முனிலட்சுமி

சிங்காரப்பேட்டை
21.4.1986

முனி,

கேட்டேன். பத்துப் பேர் நடுவில் அந்த மனுஷனைத் திருடன் என்றே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார், நான் நம்பவில்லை. கிருஷ்ணகிரி கடையிலும் கைடு தீர்ந்துபோச்சு. பரீட்சைக்கு ஒரு மாசம்தான். நினைவில் இருக்கிற கணக்கையாவது எழுதி அனுப்பும்மா. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

தில்ஷாத்

ஓசூர்
14.12.1986

அக்கா,

எத்தனையோ தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். நான் பாஸாயிட்டேன். ஊத்தங்கரை தாலுகா ஆபீஸ்ல போட்டிருக்காங்க, ஜனவரியில சேரணும்.

நான் யார்கிட்டயும் எதையும் கொடுக்கலை. மாறி மாறி ஷிப்ட், என் பாதியையே முடிக்கலை. கொடுத்துட்டா நீங்க ஜெயிச்சுடுவீங்க, நான் இந்த மிஷின்கிட்டயே நின்னுடுவேன்னு பயம். நீங்க சொன்ன மாதிரியே மூடி மூடி எழுதிப் பார்த்துதான் பாஸானேன். அதை நினைச்சா சோறு இறங்கல. உங்களை மாதிரி எனக்கு யாருமில்லை. வீட்டுக்கு வந்து காலில் விழறேன், வரலாமா?

முனிலட்சுமி

சிங்காரப்பேட்டை
20.12.1986

முனிலட்சுமிக்கு,

வர வேண்டாம்.

கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ராஜப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லம்மா" என்று சொன்னவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பாவத்தையும் என் தலையில் கட்டிவிட்டாய்.

ஏழு மார்க்கில் போச்சு. ஜெயிக்கிறவளாக நீ என்னை நினைத்தாயே, நான் உன்னைத் தங்கச்சியாக நினைத்தேன். கேட்டிருந்தால் இரண்டு பாதியையும் கொடுத்திருப்பேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். கொடுத்திருக்க மாட்டேன். ஒண்ணாந்தேதி மாற்றியிருப்பேன், அவ்வளவுதான். அதுகூட உன்னால் முடியவில்லை. என்னால் மன்னிக்க முடியாது.

தங்கை அஸ்மத்தின் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வாங்க ஜனவரியில் உங்கள் ஆபீசுக்குத்தான் வர வேண்டும். அக்கா என்று கூப்பிட்டு எழுந்து நிற்காதே, நாற்காலி போடச் சொல்லாதே. வரிசையில் நிற்கிறேன். மற்றவர்களைக் கேட்கிற மாதிரி "பேர் என்னம்மா?" என்று கேள், சொல்கிறேன்.

லா. தில்ஷாத்